லினக்ஸ் ஷெட்யூலரும் பல கோர் மெஷின்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் டீ ஃபேக்டரியிலோ கல்லூரி லேப்பிலோ சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர் பெரும்பாலும் ஒற்றை ஆள்தான். பில்லிங், வைஃபை, பிரிண்டர் எல்லாம் அவர் தலையில். "எட்டு கோர் இருக்கே, ஏன் இப்படி இழுக்குது?" என்று முதலாளி கேட்பதும் அவரைத்தான். அவர்களிடமிருந்து எனக்குத் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாம் லினக்ஸைப் பற்றியவை. கடைசியில் மட்டும் விண்டோஸ் எட்டிப் பார்க்கும். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன்.

மெஷின் மெதுவாக இருக்கிறது. ஷெட்யூலர்தான் காரணமா?

அநேகமாக இல்லை. ப்ராசஸ் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், த்ரெட் என்பது அதற்குள் தனியாக ஓடும் ஒரு வேலை, கோர் என்பது சிபியுவுக்குள் அதை ஓட்டும் பகுதி. ஓடத் தயாராக நிற்கும் த்ரெட்களில் எதை, எந்தக் கோரில், எவ்வளவு நேரம் ஓடவிடுவது என்பதை முடிவு செய்வது மட்டும்தான் ஷெட்யூலரின் வேலை. எந்த த்ரெட்டை எடுத்தாலும் அது மூன்றில் ஒரு நிலையில் இருக்கும்: கோரில் ஓடிக்கொண்டிருக்கும், ஓடத் தயாராகி வரிசையில் நிற்கும், இல்லையென்றால் டிஸ்க், நெட்வொர்க், லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் தொடும்படி போடும் பூட்டு), டைமர் என்று எதையோ எதிர்பார்த்துத் தூங்கும். வரிசையில் நிற்கும் நேரத்துக்குத்தான் ஷெட்யூலர் பதில் சொல்ல வேண்டும். தூங்கும் நேரத்துக்கு அதைத் திட்டிப் பயனில்லை.

இதை ஊகிக்கத் தேவையில்லை, அளந்தே பார்க்கலாம். லினக்ஸின் மையமான கர்னல் தன் கணக்குகளைக் காட்டும் ப்ராக் கோப்பகத்தில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஷெட்ஸ்டாட் என்ற கோப்பு உண்டு. அது அந்த ப்ராசஸின் முதல் த்ரெட்டின் கணக்கு. மற்ற த்ரெட்களுடையது அந்த ப்ராசஸுக்குள் டாஸ்க் என்ற துணைக் கோப்பகத்தில் இருக்கிறது. திறந்தால் மூன்றே எண்கள்: கோரில் ஓடிய நேரம், வரிசையில் காத்திருந்த நேரம், எத்தனை தடவை கோர் கிடைத்தது. முதல் இரண்டும் நானோசெகண்டில் இருக்கும். இப்போது ஒரு தடவை, 10 செகண்டு கழித்து ஒரு தடவை படித்துக் கழித்துப் பாருங்கள். ஓடியது 0.4 செகண்டு, காத்திருந்தது 0.02 செகண்டு என்று வந்தால் மீதி 9.58 செகண்டும் அந்த த்ரெட் தூங்கியிருக்கிறது. அங்கே ஷெட்யூலரில் எந்தத் திருகைத் திருகினாலும் ஒன்றும் மாறாது. ஓடியது 3 செகண்டு, காத்திருந்தது 6 செகண்டு என்று வந்தால் சரி, இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்.

மொத்த மெஷினின் நிலை தெரிய வேண்டுமென்றால் கர்னல் 4.20இல் வந்த ப்ரெஷர் கோப்புகள் உண்டு. ப்ராக் கோப்பகத்துக்குள் ப்ரெஷர், அதற்குள் சிபியு. கடந்த 10, 60, 300 செகண்டுகளில் நூற்றுக்கு எத்தனை பங்கு நேரம் ஏதாவது ஒரு வேலையாவது சிபியு கிடைக்காமல் நின்றது என்று அது சொல்லும். பக்கத்திலேயே ஐஓ, மெமரி இரண்டுக்கும் கோப்புகள் உண்டு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எங்கே தோண்டுவது என்பது பாதி தெரிந்துவிடும்.

எட்டு கோர் மெஷினில் லோடு ஆவரேஜ் 14. ஆனால் டாப்பில் சிபியு 90 சதவீதம் சும்மா இருக்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். லோடு ஆவரேஜ் என்பது வேலைக்காக நிற்கும் த்ரெட்களின் சராசரி எண்ணிக்கை, டாப் என்பது எது எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் கட்டளை. லினக்ஸின் லோடு ஆவரேஜில் சிபியுவுக்குக் காத்திருப்பவை மட்டும் இல்லை. 'டி' நிலையில் இருக்கும் த்ரெட்களும், அதாவது டிஸ்க் போன்றவற்றுக்காக எழுப்ப முடியாத தூக்கத்தில் இருப்பவையும், சேர்த்தே எண்ணப்படுகின்றன. 1993இலிருந்து இப்படித்தான். மற்ற பல யூனிக்ஸ்களில் இது கிடையாது. அதனால் பழைய புத்தகத்தில் உள்ள "லோடு கோர் எண்ணிக்கையைத் தாண்டினால் சிபியு போதவில்லை" என்ற விதி இங்கே அப்படியே பொருந்தாது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் நடந்ததைச் சொல்கிறேன். தினமும் சாயங்காலம், சிறு விவசாயிகளின் பச்சை இலை எடை போட்டுப் பதிவாகும் நேரத்தில் மெஷின் திணறும். சிபியு போதவில்லை என்று 16 கோர் மெஷினுக்கு விலைப்புள்ளியே வாங்கிவிட்டார்கள். விஎம்ஸ்டாட் கட்டளையை ஒரு செகண்டு இடைவெளியில் ஓடவிட்டோம். 'ஆர்' பத்தியில் 0, 1, 0. 'பி' பத்தியில் 12, 13, 12. 'ஆர்' என்றால் ஓடுபவையும் ஓடத் தயாரானவையும். 'பி' என்றால் எழுப்ப முடியாத தூக்கத்தில் இருப்பவை. பிஎஸ் கட்டளையில் 'டி' நிலையில் இருந்தவற்றை மட்டும் வடிகட்டினால் எல்லாமே ரசீது நகலை எழுதும் ப்ராசஸ்கள். நகல் போவது இலையை வாடவைக்கும் விதரிங் கட்டடத்தில் வைத்திருந்த என்ஏஎஸ் பெட்டிக்கு, அதாவது நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டிக்கு. நடுவே மழையில் நனைந்துகொண்டு போன நெட்வொர்க் கேபிள் 1 ஜிகாபிட்டிலிருந்து 10 மெகாபிட்டுக்கு இறங்கியிருந்தது. கேபிளை மாற்றியதும் லோடு 1க்குக் கீழே வந்துவிட்டது. விலைப்புள்ளி மேசை டிராயரிலேயே இருக்கிறது.

காட்டில் விலங்குகளைத் தானாகப் படமெடுக்கும் கேமரா ட்ராப் படங்களை வகைப்படுத்தும் பைத்தான் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. ஒரு கோர் 100 சதவீதம், மற்ற 15 கோரும் சும்மா. ஷெட்யூலர் ஏன் வேலையைப் பிரித்துக் கொடுக்க மாட்டேன் என்கிறது?

ஒரு த்ரெட்டை இரண்டு கோருக்கு வெட்டிக் கொடுக்க எந்த ஷெட்யூலராலும் முடியாது. முதலில் டாப்பில் பெரிய 'ஹெச்' அழுத்தி ஸ்கிரிப்ட்டுக்கு எத்தனை த்ரெட் இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுதான் என்றால் பேச்சே இல்லை. பதினாறு இருந்தும் மொத்தம் 100 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால் அது பைத்தானின் ஜிஐஎல். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பைத்தான் கட்டளைகளை ஓட்டலாம் என்ற பூட்டு அது. மற்ற த்ரெட்கள் அந்தப் பூட்டுக்காகத் தூங்குகின்றன. ஷெட்யூலரின் கண்ணில் அவை ஓடத் தயாரானவையே இல்லை. மல்ட்டிப்ராசஸிங் முறையில் தனித்தனி ப்ராசஸாகப் பிரித்தால் தீரும். அந்தப் பூட்டு இல்லாத பதிப்பு 2024 அக்டோபரில் பைத்தான் 3.13உடன் சோதனை முயற்சியாக வந்தது. உங்கள் லைப்ரரிகள் எல்லாம் அதற்குத் தயாரா என்று பார்க்காமல் அதில் இறங்காதீர்கள்.

சொன்னபடி 16 ப்ராசஸ் ஆக்கினேன். இப்போது முன்பைவிட மெதுவாக இருக்கிறதே?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கணக்கு லைப்ரரிகள் பலவும் தாங்களாகவே கோருக்கு ஒரு த்ரெட் கிளப்பும். 16 ப்ராசஸ், ஒவ்வொன்றிலும் 16 த்ரெட். 16 கோருக்கு 256 த்ரெட் போட்டி போடுகின்றன. ஒன்று கோரின் கேஷில் (கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறிய, வேகமான மெமரி) வைத்ததை மற்றது அழிக்கிறது. போதாததற்கு, லாக்கைப் பிடித்திருக்கும் த்ரெட் வரிசையில் நிற்க, அந்த லாக் எப்போது விடும் என்று மற்றவை கோரில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ப்ராசஸைத் தொடங்கும் முன் ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ் என்ற சூழல் மாறியை 1 என்று வையுங்கள்.

இது நடக்கிறதா என்று உறுதி செய்ய, ப்ராக்கில் அந்த த்ரெட்டின் ஸ்டேட்டஸ் கோப்பில் ஸ்விட்ச் (த்ரெட் கோரை விட்டு இறங்குவது) பற்றிய இரண்டு வரிகளைப் பாருங்கள்: தானாக விட்டுக்கொடுத்த ஸ்விட்ச் எத்தனை, கட்டாயமாகப் பிடுங்கப்பட்டது எத்தனை. இரண்டாவது எகிறினால் கூட்டம் அதிகம் என்று அர்த்தம். முதலாவது எகிறினால் த்ரெட் அடிக்கடி எதற்கோ போய்த் தூங்குகிறது, லாக்கைத் தேடுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

ஒரே த்ரெட் இந்தக் கோர், அந்தக் கோர் என்று தாவுகிறது. டாஸ்க்செட் போட்டுக் கட்டிவிடட்டுமா?

அவசரப்படாதீர்கள். டாஸ்க்செட் என்பது ஒரு வேலையைக் குறிப்பிட்ட கோர்களில் மட்டும் ஓடவைக்கும் கட்டளை. ஒவ்வொரு கோருக்கும் தனி வரிசை உண்டு. இலை வாங்கும் இடத்தில் ஒவ்வொரு தராசுக்கும் தனி வரிசை நிற்கிற மாதிரிதான். ஒரு தராசு காலியானால் அங்கிருக்கும் ஆள் பக்கத்து வரிசையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்வார். கோரும் அப்படியே, சும்மா இருக்கப் போகிறது என்றால் அடுத்ததன் வரிசையிலிருந்து இழுத்துக்கொள்ளும். ஆனால் இடம் மாறினால் த்ரெட் தன் கேஷை விட்டுவிட்டுப் போக வேண்டும். அதனால்தான் கடைசி அரை மில்லிசெகண்டுக்குள் ஓடிய த்ரெட்டைக் கேஷ் சூடு ஆறாதது என்று கருதி, நகர்த்த லினக்ஸ் கொஞ்சம் தயங்கும். செகண்டுக்குச் சில தாவல்கள் சகஜம். ஆயிரக்கணக்கில் போனால் பார்க்கலாம். பெர்ஃப் கட்டளையில் ஷெட் ரெக்கார்ட் போட்டுப் பதிவு செய்து, ஷெட் டைம்ஹிஸ்ட்டில் பாருங்கள்.

கட்டிப்போடுவதில் இருக்கும் வம்பு வேறு. டாஸ்க்செட் போட்ட கட்டுப்பாடு பிள்ளை ப்ராசஸ்களுக்கும் போய்ச் சேரும். யாரோ எப்போதோ ஸ்டார்ட் ஸ்கிரிப்ட்டில் எழுதிய ஒரு வரி, மெஷினை மாற்றிய பிறகும் உயிரோடிருந்து, 16 கோர் மெஷினில் எல்லாவற்றையும் 0, 1 கோர்களிலேயே அடைத்து வைத்திருக்கும். ஸ்டேட்டஸ் கோப்பில் 'அனுமதிக்கப்பட்ட சிபியு' பட்டியல் இருக்கிறது. சந்தேகம் வந்தால் முதலில் அதைப் படியுங்கள். பூட் வரியில் சில கோர்களைத் தனியே ஒதுக்கும் ஐசோல்சிபியுஸ் போட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்தக் கோர்களுக்கு நடுவே லோடு சமன்படுத்தல் நடக்காது. 4 முதல் 7 வரை ஒதுக்கி, நான்கு த்ரெட்டையும் "4-7" என்று மொத்தமாகக் கட்டினால் நான்கும் 4ஆம் கோரிலேயே குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோரில் கட்ட வேண்டும்.

அண்ணா, லேப்பில் பசங்க கம்பைல் போட்டால் எல்லாம் நின்றுவிடுகிறது. நைஸ் 19 கொடுத்துப் பார்த்தேன், பலன் இல்லை. ஏன்?

நைஸ் என்பது ஒரு வேலைக்குச் சிபியுவில் எவ்வளவு பங்கு என்று சொல்லும் ஒப்பீட்டு எடைதான், எண் கூடினால் பங்கு குறையும். நைஸ் 0க்கு எடை 1024, நைஸ் 19க்கு 15. ஒரே கோரில் இரண்டும் மோதினால் பின்னதற்கு நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூடக் கிடைக்காது. ஆனால் இந்தக் கணக்கு ஒரே குழுவுக்குள் மட்டும்தான். 2011இல் கர்னல் 2.6.38இல் ஆட்டோகுரூப் என்று ஒன்று வந்தது: ஒவ்வொரு டெர்மினல் செஷனும் ஒரு குழு, குழுக்களுக்கு நடுவே சம பங்கு. கம்பைல் ஒரு டெர்மினலில், உங்கள் வேலை இன்னொன்றில் என்றால், அங்கே நைஸ் 19 கொடுத்தது அந்தக் குழுவுக்குள்ளேயே அடங்கிப்போகும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி சிபியு குழுக்களை இயக்கியிருந்தாலும் கதை இதுதான். எடையைக் குழுவுக்கு மாற்றுங்கள். சிஸ்டம்டியில் சிபியுவெய்ட் என்ற அமைப்பு அதற்குத்தான்.

அப்புறம், கம்பைல் மெமரியைத் தின்று ஸ்வாப்புக்கு (மெமரி போதாமல் டிஸ்கைப் பயன்படுத்துவது) போயிருந்தால் நைஸ் எதுவும் செய்யாது. ப்ரெஷர் மெமரி கோப்பையும் ஒரு கண் பாருங்கள்.

டாக்கரில் 2 சிபியு வரம்பு வைத்தேன். சராசரி உபயோகம் 1கூட இல்லை. ஆனாலும் அவ்வப்போது பதில் தாமதமாகிறது.

டாக்கர் நிரலைத் தனிப் பெட்டியில் அடைத்து ஒரு குழுவாக ஓட்டுகிறது. அதன் வரம்பு அளக்கப்படுவது 100 மில்லிசெகண்டுத் தவணைகளில். 2 சிபியு என்றால் ஒவ்வொரு தவணைக்கும் 200 மில்லிசெகண்டு சிபியு நேரம். எட்டு கோர் மெஷினில் உங்கள் நிரல் ஒரே நொடியில் எட்டு த்ரெட்டையும் எழுப்பினால் அந்த 200 மில்லிசெகண்டு 25 மில்லிசெகண்டிலேயே தீர்ந்துவிடும். மீதி 75 மில்லிசெகண்டு எல்லா த்ரெட்டும் அசையாமல் நிற்கும். கோர்கள் காலியாக இருந்தாலும் நிற்கும். சராசரியில் இது தெரியவே தெரியாது. குழுவின் சிபியு.ஸ்டாட் கோப்பில் எத்தனை தவணை, அதில் எத்தனையில் த்ராட்டில் ஆனது (நிறுத்திவைக்கப்பட்டது) என்று எண்கள் இருக்கின்றன. அந்த விகிதம் ஏறினால் நிரலின் த்ரெட் எண்ணிக்கையை 2க்கோ 3க்கோ குறையுங்கள், இல்லை வரம்பைக் கூட்டுங்கள்.

கர்னல் 5.4க்கு முந்தையது என்றால் இன்னொரு சந்தேகமும் நியாயம். தன் பங்கை முழுக்கச் செலவழிக்காத குழுவையும் தேவையில்லாமல் நிறுத்திவைக்கும் ஒரு பிழை அதில் இருந்தது, 5.4இல்தான் சரி செய்தார்கள்.

தேயிலையை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டர் மெஷினில் கேமரா த்ரெட்டுக்கு ரியல்டைம் முன்னுரிமை 99 கொடுத்தேன். ஃப்ரேம் விழுவது நின்றது, ஆனால் மெஷினே அடிக்கடி உறைகிறது.

வேறு மெஷினிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாகக்கூட நுழைய முடியவில்லை, இல்லையா? ஃபிஃபோ என்ற ரியல்டைம் வகை த்ரெட் தானாக விடும் வரை அதைவிடக் கீழே இருப்பவற்றுக்கு அந்தக் கோர் கிடைக்காது. 99 என்றால் உச்சம். கர்னலின் சில உள் த்ரெட்களையே ஓரங்கட்டிவிடும். புது ஃப்ரேம் வந்ததா, வந்ததா என்று சுற்றிச் சுற்றிக் கேட்கும்படி நிரல் எழுதியிருந்தால் கோர் அதற்கே எழுதி வைத்த மாதிரிதான். நீண்ட காலமாக லினக்ஸில் ஒரு காப்பு உண்டு: இயல்பு அமைப்பில் 1 செகண்டுக்கு 950 மில்லிசெகண்டுக்கு மேல் ரியல்டைம் த்ரெட்கள் எடுக்க விடாது. கர்னல் 6.12இலிருந்து டெட்லைன் சர்வர் என்ற ஏற்பாடு அந்த வேலையைப் பார்க்கிறது. அந்தக் காப்பை அணைக்கச் சொல்லும் "டிப்ஸ்" நிறையச் சுற்றுகிறது. தயவுசெய்து அணைக்காதீர்கள்.

50ஐ ஒட்டி ஒரு எண் கொடுங்கள். ஃப்ரேமுக்குக் காத்திருக்கும்போது த்ரெட் தூங்கும்படி நிரலை மாற்றுங்கள். படத்தை டிஸ்கில் எழுதும் வேலையைச் சாதாரண த்ரெட்டுக்குத் தள்ளிவிடுங்கள்.

இரண்டும் ஒரே லாக்கைத் தொட்டால் கவனம். சாதாரண த்ரெட் லாக்கைப் பிடித்திருக்கும்போது நடுத்தர முன்னுரிமையுள்ள மூன்றாவது ஒன்று வந்து அதன் கோரைப் பிடுங்கினால், உச்ச முன்னுரிமை த்ரெட் கையைக் கட்டி நிற்கும். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது இதனால்தான். வானிலைத் தரவு த்ரெட் பிடித்திருந்த லாக்குக்காக முக்கிய த்ரெட் காத்திருந்தது. முன்னுரிமையைக் கடன் கொடுக்கும் வசதியைப் பூமியிலிருந்தே இயக்கிச் சரி செய்தார்கள். லினக்ஸில் பித்ரெட் மியூடெக்ஸ் என்ற லாக்குக்கும் அதே வசதி உண்டு, ஆனால் நீங்கள் கேட்டால்தான் கிடைக்கும்.

கோயம்புத்தூரில் செகண்ட்ஹேண்டாக இரண்டு சாக்கெட் சர்வர் வாங்கினோம். கோர் இரண்டு மடங்கு, வேகம் ஏறவில்லை.

ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் (சிபியு சிப்பைச் செருகும் இடம்) தன் பக்கத்து மெமரி கிட்டே, அடுத்த பக்கத்து மெமரி தூரம். நூமா என்பது இதுதான். த்ரெட் ஒரு பக்கம், அதன் தரவு மறுபக்கம் என்று ஆனால் தரவைத் தொடும் ஒவ்வொரு தடவையும் நேரம் நீளும். நூமாகட்டில் கட்டளையில் ஹார்ட்வேர் விவரம் கேளுங்கள். செகண்ட்ஹேண்ட் மெஷின்களில் ரேம் முழுவதையும் ஒரே சாக்கெட்டின் பக்கம் செருகி வைத்திருப்பது சர்வ சாதாரணம். ஒரு நோடில் (ஒரு சாக்கெட்டும் அதன் பக்கத்து மெமரியும்) 64 ஜிபி, மற்றதில் 0 என்று வரும். ஸ்குரூடிரைவர் எடுத்து ரேமை இரு பக்கமும் பிரித்துப் போடுங்கள். இதைச் செய்யாமல் மென்பொருளில் எதைத் தொட்டாலும் நேரம்தான் வீண்.

16 சிபியு காட்டுகிறது, பாதிதான் உபயோகம். அப்படியானால் இன்னொரு மடங்கு வேலை தாங்குமா?

தாங்காது. பல மெஷின்களில் 16 என்பது 8 கோர், கோருக்கு இரண்டு ஹைப்பர்த்ரெட். கோரின் உறுப்புகளை இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன. ஷெட்யூலர் முடிந்தவரை கோருக்கு ஒன்றாகப் பரப்பும். அதனால் 50 சதவீதத்திலேயே எல்லாக் கோரும் நிரம்பியிருக்கலாம். அதற்கு மேல் கிடைப்பது கொசுறு.

0ஆம் கோர் மட்டும் எப்போதும் திணறுகிறது.

டாப்பில் '1' அழுத்தி, அந்தக் கோரின் 'எஸ்ஐ' பத்தியைப் பாருங்கள். அது பெரிதாக இருந்தால் நெட்வொர்க் கார்டின் இன்டரப்ட் (தன்னைக் கவனிக்கச் சொல்லி சிபியுவுக்கு அனுப்பும் சைகை) எல்லாம் அங்கே விழுகிறது. ப்ராக்கில் இன்டரப்ட்ஸ் கோப்பு உறுதி செய்யும். அவற்றைக் கோர்களுக்குப் பிரித்துவிடும் ஐஆர்க்யூபேலன்ஸ் சேவை ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஷெட்_லேட்டன்சி_என்எஸ்ஸைக் குறைத்தால் வேகம் கூடும் என்று படித்தேன். என் மெஷினில் அந்த அமைப்பே இல்லையே?

படித்தது பழைய குறிப்பு. அந்த அமைப்புகள் 2007இல் 2.6.23உடன் வந்த சிஎஃப்எஸ் ஷெட்யூலருடையவை. 5.13இல் அவற்றை சிஸ்கட்டில் என்ற கர்னல் அமைப்புப் பட்டியலிலிருந்து எடுத்து டிபக் கோப்பகத்துக்கு மாற்றினார்கள். 2023 அக்டோபரில் 6.6 வந்தபோது சிஎஃப்எஸ்ஸின் தேர்வு முறையே போய் இஇவிடிஎஃப் என்ற புது முறை வந்தது. அதில் முக்கியமாக மிஞ்சியிருப்பது பேஸ்_ஸ்லைஸ்_என்எஸ் ஒன்றுதான், த்ரெட் ஒரு தடவையில் ஓடும் நேரத்தின் அளவு அது. எட்டு கோர் மெஷினில் அது சுமார் 3 மில்லிசெகண்டு. கூட்டினால் ஸ்விட்ச் குறையும், மவுஸ் கொஞ்சம் மந்தமாகலாம், குறைத்தால் நேர்மாறு. டீ ஃபேக்டரி பில்லிங் சர்வரில் இதைத் தொட்டு ஒருவர் பிழைத்ததை நான் பார்த்ததில்லை.

ஊட்டிக் குளிரில் சிபியு சூடாகி வேகம் குறையுமா என்ன?

குறையும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகும் வெப்பம் குறைவுதான். வெளியே குளிர் அதை ஈடுகட்டும், ஆனால் சர்வரை ட்ரையர் அறைக்குப் பக்கத்துச் சுவரில் வைத்திருந்தால் ஈடுகட்டாது. டீ பஞ்சு வேறு ஹீட்சிங்க்கில் கம்பளி போலப் படியும். வேகம் குறைந்த கோரில் ஒவ்வொரு த்ரெட்டும் அதிக நேரம் ஓடும், வரிசை நீளும், பார்ப்பவர் ஷெட்யூலரைத் திட்டுவார். இன்டெல் மெஷினில் சிஸ் கோப்பகத்தில் தெர்மல்_த்ராட்டில் எண்ணிக்கை இருக்கிறது. ஏறிக்கொண்டே போனால் ப்ளோயரை எடுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போய் பேட்டரியில் ஓடும் லேப்டாப் என்றால் மின்சேமிப்பு கவர்னர் (கோரின் வேகத்தை முடிவு செய்யும் கர்னல் பகுதி) அந்த வேகத்தை இறக்கியிருக்கும், அது வேறு விஷயம்.

அப்படியானால் ஷெட்யூலரில் பிழையே வராதா?

வரும். ஒரு வரிசையில் த்ரெட்கள் நிற்கும்போதே பக்கத்துக் கோர்கள் நீண்ட நேரம் சும்மா கிடந்ததை 2016இல் ஆய்வாளர்கள் 64 கோர் மெஷினில் காட்டினார்கள். லோடைக் குழுவின் சராசரியாகப் பார்த்ததில் வந்த கோளாறு அதில் ஒன்று: ஒற்றை த்ரெட் கனமான வேலை ஒன்று ஒரு நோடில் இருந்தால், அந்த நோடே நிரம்பியதாகக் கணக்கு காட்டியது. உங்களுக்கும் இப்படியா என்று பார்க்க, காத்திருப்பு நேரம் ஏறும் அதே நொடியில் காலிக் கோர் இருக்கிறதா, அந்தக் கோரில் ஓட அந்த த்ரெட்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் பதில் ஆம் என்றால், கர்னல் பதிப்பு எண்ணையும் பெர்ஃப் பதிவையும் எடுத்து வைத்துக்கொண்டு புதுக் கர்னலில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

இதெல்லாம் விண்டோஸுக்கும் பொருந்துமா?

ஓடுவது, காத்திருப்பது, தூங்குவது என்ற பாகுபாடு அங்கேயும் அதேதான், கருவிகள்தான் வேறு. ஒன்றை மட்டும் தனியாக நினைவில் வையுங்கள்: விண்டோஸ் சிபியுக்களை 64 கொண்ட குழுக்களாகப் பிரிக்கும். விண்டோஸ் 11, சர்வர் 2022 வருவதற்கு முன்பு ஒரு ப்ராசஸ் இயல்பாக ஒரு குழுவுக்குள்ளேயே அடங்கிவிடும். பழைய விண்டோஸ் சர்வரில் 128 காட்டியும் பாதிதான் உழைக்கிறது என்றால் முதலில் அங்கே பாருங்கள்.